அழுக்குத் தண்ணீரில் ஆறிய புண்

தவளையின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்துக்கொள்வார்கள். கீறிய இடத்தில் தையல் போட்டு மறுபடியும் தொட்டியில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில், மைக்கேல் ஸாஸ்லாஃப் என்ற மருத்துவ ஆய்வாளரின் கூடத்தில் 1980-களில் இது அன்றாட வேலை. ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குத் தவளையின் பெரிய முட்டைகள் தோதாக இருந்தன. முட்டை கிடைத்ததும் தவளையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நகத்தவளை. ஒரு காலத்தில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தத் தவளையை வளர்த்தார்கள். காரணம் விநோதமானது. பெண்ணின் சிறுநீரை இதன் உடலில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அவர் கருவுற்றிருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். 1930-களிலிருந்து சில பத்தாண்டுகள் கர்ப்பப் பரிசோதனைக் கருவியாக வாழ்ந்த பிராணி இது.

1986-இல் ஸாஸ்லாஃப் அதே தொட்டியை வேறு கண்ணோடு பார்த்தார். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தவளையின் கழிவும் தீனியின் மிச்சமும் அதில்தான். பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும் அந்தத் தண்ணீரில் தைத்த புண்ணோடு தவளைகள் நீந்திக்கொண்டிருந்தன. புண் சீழ் பிடிக்கவில்லை, சிவக்கவில்லை, வீங்கவும் இல்லை. சில நாளில் தழும்பு மட்டும் மிஞ்சியது. இதே அறுவையை ஒரு மனிதருக்குச் செய்து சாக்கடையில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு மருத்துவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் முட்டையை விட்டுவிட்டுத் தோலை எடுத்துக்கொண்டார். தோலிலிருந்து வடித்த சாறு ஈ.கோலை பாக்டீரியாவைக் கொன்றது. சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் கடைசியில் கிடைத்தவை இரண்டு சின்னஞ்சிறு புரதத் துணுக்குகள். இப்படிப்பட்ட துணுக்கைப் பெப்டைடு என்பார்கள். 1987-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஹீப்ரு மொழியில் கேடயத்துக்கு ‘மாகென்’ என்று பெயர். அதிலிருந்து ‘மாகைனின்’ என்று பெயர் சூட்டினார்.

முன்னோடிகள்

இப்படி ஒன்று இருக்கும் என்ற தடயம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் என்பவர் செக்ரோப்பியா என்ற பெரிய விட்டில் பூச்சியை வைத்து ஆராய்ந்தார். நம் ஊர் டசர் பட்டுப்பூச்சி இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தம். கூட்டுப்புழுவாக உறங்கும் பூச்சிக்குள் பாக்டீரியாவைச் செலுத்தினால், அதன் ரத்தத்தில் புதிதாக ஏதோ ஒன்று ஊறி அடுத்து வரும் பாக்டீரியாக்களைக் கொன்றது. அந்த ‘ஏதோ ஒன்று’ 1981-இல் செக்ரோபின் என்று அடையாளம் காணப்பட்டது. கலிஃபோர்னியாவில் ராபர்ட் லேரரும் அவருடைய சகாக்களும் முயலின், மனிதரின் வெள்ளணுக்களுக்குள் வேறு வகைப் பெப்டைடுகளைக் கண்டு 1985-இல் டிஃபென்சின் என்று பெயர் வைத்தார்கள்.

பூச்சி, தவளை, முயல், மனிதர். பரிணாம மரத்தில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கும் பிராணிகள் ஒரே உத்தியைக் கையில் வைத்திருந்தன. பூச்சிக்கு நம்மைப்போல நோய்க்கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் செய்யத் தெரியாது. இருந்தும் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிழைத்து வந்திருக்கிறது என்றால் இந்தப் பெப்டைடுகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இன்று பட்டியலில் சேர்ந்திருப்பவை 3,000-க்கும் மேல்.

ரஷ்யக் கிராமங்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பால் திரிந்துபோகாமல் இருக்க அதில் உயிருள்ள தவளை ஒன்றைப் போட்டு வைப்பார்கள். 2012-இல் மாஸ்கோ விஞ்ஞானிகள் அதே இனத் தவளையின் தோல் சுரப்பில் பல பத்துப் பெப்டைடுகளை இனம் கண்டார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்துப் பாட்டிகள் சும்மா செய்யவில்லை.

23 மணிகள் கோத்த மாலை

இரண்டு மாகைனின்களில் ஒன்றைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 23 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை அது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் இப்படி 570-க்கு மேல் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது ஒரு நூல் துண்டு. தண்ணீரில் இருக்கும்போது எந்த வடிவமும் இல்லாமல் தொளதொளவென்று அலையும். பாக்டீரியாவின் மேல் பட்டதும் சட்டென்று சுழல் படிக்கட்டுபோல முறுக்கிக்கொள்ளும்.

அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து 100 பாகை திரும்பியிருக்கும். இப்போது மணிகளை எண்ணிப் பாருங்கள். நேர்மின்னேற்றம் கொண்ட லைசின் 4, 10, 11, 14 ஆகிய நான்கு இடங்களில் இருக்கிறது. எண்ணெய்த் தன்மையுள்ள ஃபீனைல்அலனின் 5, 12, 16 ஆகிய மூன்று இடங்களில். மாலையை நீட்டிப் பிடித்தால் இந்த எண்களில் ஒரு ஒழுங்கும் தெரியாது. ஒவ்வொரு படிக்கும் 100 பாகை வீதம் திருப்பிக்கொண்டே போனால், நான்கு லைசின்களும் சுருளின் ஒரு பக்கத்தில் வந்து சேர்கின்றன. மூன்று ஃபீனைல்அலனின்களும் நேர் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீருக்கு உறவு, மறுபக்கம் எண்ணெய்க்கு உறவு. சோப்பு அழுக்கை எடுப்பதும் இதே இரட்டைக் குணத்தால்தான்.

ஏன் பாக்டீரியாவை மட்டும்?

எந்த செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கி நிற்கும். எண்ணெய்ப் பசையுள்ள வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்திருக்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்திருக்கும். இது நமக்கும் பாக்டீரியாவுக்கும் பொது. வித்தியாசம் அந்தத் தலைகளில் இருக்கிறது. பாக்டீரியா சவ்வின் வெளிப்புறத் தலைகளில் பல எதிர்மின்னேற்றம் உள்ளவை. நம் செல்களில் எதிர்மின் தலைகள் பெரும்பாலும் சவ்வின் உள்பக்கம் மறைந்திருக்கும். வெளியே தெரிபவை மின்னேற்றத்தில் நடுநிலை. போதாததற்கு நம் சவ்வில் கொலஸ்டிரால் கலந்து அதை இறுக்கி வைத்திருக்கிறது. மாரடைப்புக்குக் காரணம் என்று நாம் திட்டித் தீர்க்கும் அதே கொலஸ்டிரால்தான்.

ஆக, நேர்மின் பூசிய மாகைனினுக்கு எங்கே போக வேண்டும் என்று யாரும் வழிகாட்ட வேண்டாம். எதிர்மின் இழுக்கிறது, அது போய் ஒட்டிக்கொள்கிறது. ஈ.கோலை போன்றவற்றுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் மூலக்கூறுகளைக் கட்டிப் பிடித்திருப்பது மக்னீசியம். பெப்டைடு அந்த மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார, கட்டு தளர்ந்து உள்ளே போக வழி கிடைக்கிறது.

உள்சவ்வின் மேல் பெப்டைடுகள் முதலில் மட்டமாகப் படுத்துக்கிடக்கும், குளத்தில் மிதக்கும் கட்டைபோல. பத்து, நூறு என்று சேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது. கூட்டம் ஒரு அளவைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. சில சுருள்கள் செங்குத்தாகத் திரும்பிச் சவ்வுக்குள் குத்தி நிற்கின்றன. முழுதாக முறுக்கிய மாகைனினின் நீளம் சுமார் 3.5 நானோமீட்டர், சவ்வின் எண்ணெய்ப் பகுதியின் தடிமன் 3 நானோமீட்டரை ஒட்டியது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது. சுற்றியுள்ள கொழுப்புத் தலைகளும் வளைந்து கூடவே உள்ளிறங்க, நடுவில் ஒரு துளை விழுகிறது. வேறு சில பெப்டைடுகள் துளை போடுவதோடு நிற்காமல் பாய் விரித்ததுபோல மேற்பரப்பை மூடி, சவ்வைத் துண்டு துண்டாகக் கரைத்தெடுக்கின்றன.

ஒரு துளை ஏன் உயிரை எடுக்க வேண்டும்? பாக்டீரியாவின் சவ்வு ஓர் அணைக்கட்டு. ஹைட்ரஜன் அயனிகளை அது வெளியே இறைத்துத் தேக்கி வைக்கிறது. அவை திரும்ப உள்ளே பாயும்போது சவ்வில் பதித்திருக்கும் ஒரு மூலக்கூறுச் சுழலி சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில்தான் செல்லுக்கு வேண்டிய எரிசக்தி உற்பத்தியாகிறது. அணையில் உடைப்பு எடுத்தால் சுழலி நின்றுபோகும். உள்ளேயிருக்கும் பொட்டாசியமும் கசிந்து வெளியேறும். பல ஆன்டிபயாடிக்குகள் மணிக்கணக்கில் செய்யும் வேலை இங்கே நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இடக்கால் செருப்பு

இது உண்மையில் இவ்வளவு எளிய மின்-எண்ணெய் விளையாட்டுதானா, அல்லது பாக்டீரியாவின் சவ்வில் பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்தும் புரதம் ஏதாவது உண்டா? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்த சோதனை மிக அழகானது.

நம் கைகளைப்போல அமினோ அமிலங்களுக்கும் இட, வல வடிவங்கள் உண்டு. உயிர்களின் புரதங்கள் இடவடிவத்தால் ஆனவை. பெப்டைடுகளைச் செயற்கையாகக் கோக்கும் முறைக்காக 1984-இல் நோபல் பரிசு பெற்றவர் புரூஸ் மெரிஃபீல்ட். அவரும் போமனும் வேறு சிலரும் சேர்ந்து, முழுக்க முழுக்க வலவடிவ அமினோ அமிலங்களாலேயே செக்ரோபினையும் மாகைனினையும் செய்து பார்த்தார்கள். பூட்டு என்று ஒன்று இருந்தால் இந்தச் சாவி அதற்குள் நுழையாது. இடக்கால் செருப்பு வலக்காலில் ஏறாது. 1990-இல் வெளியான முடிவு, கண்ணாடிப் பிம்பமான பெப்டைடுகளும் அசலுக்குச் சமமாகக் கொன்றன என்பதுதான். பூட்டே இல்லை, தாக்கப்படுவது சவ்வு.

எல்லாப் பெப்டைடுகளும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. தேனீயின் அபிடாசின் சவ்வை உடைக்காமல் பாக்டீரியாவுக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நிறுத்துகிறது. நம் சிறுகுடலில் சுரக்கும் டிஃபென்சின் 6 யாரையும் கொல்வதே இல்லை. ஒன்றோடொன்று பின்னி மீன்வலைபோல விரிந்து, கிருமிகளைக் குடற்சுவரை நெருங்கவிடாமல் பிடித்து வைக்கிறது.

நம் தோலும் சளைத்ததல்ல. வியர்வையில் டெர்ம்சிடின் என்ற பெப்டைடு இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001-இல் கண்டார்கள். சொரியாசிஸ் நோயில் தோல் வெடித்துச் செதிலாக உதிர்ந்தாலும் அங்கே கிருமித் தொற்று வருவது அபூர்வம். ஏன் என்று பார்த்தவர்களுக்கு அந்தச் செதிலிலேயே 1997-இல் ஒரு புதிய டிஃபென்சின் கிடைத்தது.

மருந்தாக்கப் போன கதை

ஸாஸ்லாஃப் அரசு வேலையை விட்டார். மாகைனினை மருந்தாக்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே உருவான பெப்டைடின் பெயர் பெக்ஸிகனன். தவளையின் மாலையில் நான்காக இருந்த லைசின் இதில் ஒன்பதாக உயர்ந்தது, மணிகள் 22. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்குத் தடவும் களிம்பாக அதைச் சோதித்தார்கள். ஆறாத கால் புண் எப்படி விரலையும் பாதத்தையும் பறித்துவிடும் என்பது நம் ஊரில் பல வீடுகள் அறிந்த துயரம். அந்தக் களிம்பு வந்திருந்தால் இங்கேயும் கொண்டாடியிருப்போம்.

வரவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைவிட இது மேல் என்று நிரூபணமாகவில்லை என்று 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. இன்னொரு நிறுவனம் அதே மருந்தை மறுபடி சோதித்தது. 2016-இல் வந்த முடிவு இன்னும் மோசம். மருந்தில்லாத வெறும் களிம்பைக்கூட அது வெல்லவில்லை.

எங்கே இடறியது? பெப்டைடும் ஒரு புரதத் துண்டுதான்; இறைச்சியைச் செரிக்கும் நொதிகள் இதையும் வெட்டிப்போடும். வாய்வழி கொடுத்தால் வயிற்றோடு சரி. ரத்தத்தில் உப்பும் மற்றப் புரதங்களும் அதன் வீரியத்தைக் குறைக்கின்றன. அளவைக் கூட்டினால் நம் சிவப்பணுவின் சவ்வையும் அது விட்டுவைப்பதில்லை. பூஞ்சைத் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் பென்சிலினோடு ஒப்பிட்டால், மணி மணியாகக் கோத்துச் செய்யும் செலவும் அதிகம்.

செத்த பாக்டீரியாக்கள் தரும் தொல்லை வேறு. மனித உடலின் எல்.எல்.-37 என்ற பெப்டைடை ஈ.கோலையோடு சேர்த்துப் பார்த்தபோது, முதலில் செத்த செல்கள் பஞ்சுபோலப் பெப்டைடை உறிஞ்சித் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டன. பக்கத்திலிருந்தவை பிழைத்துப் பெருகின. 2018-இல் வெளியான ஆய்வு இது.

அறுநூறு தலைமுறை

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பாக்டீரியா இந்தப் பெப்டைடுகளுக்கும் பழகிக்கொள்ளுமா? பென்சிலினை முறிக்க ஒரு நொதி போதும். தன் சவ்வையே மாற்றி வடிவமைப்பது அப்படியல்ல. வீட்டுக்குப் பூட்டை மாற்றுவதற்கும் அஸ்திவாரத்தை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே எதிர்ப்புத்திறன் எளிதில் வராது என்று ஸாஸ்லாஃப் 2002-இல் எழுதினார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பரிணாமவியலாளரான கிரஹாம் பெல் அதை ஏற்கவில்லை. இவற்றை மருந்தாகக் கொட்டினால் பாக்டீரியா பழகிக்கொள்வதோடு, நம் உடலின் சொந்தப் பெப்டைடுகளுக்கும் அடங்காமல் போய்விடலாம் என்று 2003-இல் ஒரு சகாவுடன் சேர்ந்து எச்சரித்தார்.

இரண்டு பேரும் வாதத்தைத் தாளில் நீட்டிக்கொண்டிருக்காமல் சோதனைக்குழாயில் தீர்த்துக்கொண்டார்கள். ஈ.கோலையையும் சூடோமோனாஸ் இனத்தில் ஒன்றையும் பெக்ஸிகனன் கலந்த ஊட்டத்தில் வளர்த்து, அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். 600 முதல் 700 தலைமுறை கழிந்ததும் 24 வம்சங்களில் 22 அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. 2006-இல் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பெல்லின் பெயரும் உண்டு, ஸாஸ்லாஃபின் பெயரும் உண்டு. தன் கணிப்பு தவறு என்று காட்டும் கட்டுரையில் தானே கையெழுத்திடுவதற்கு ஒரு மனம் வேண்டும்.

பாக்டீரியா இதை எப்படிச் சாதிக்கிறது? பெரும்பாலும் அஸ்திவாரத்தைத் தொடாமல் சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் தன் சவ்வின் கொழுப்புத் தலையில் ஒரு லைசினைக் கொண்டுபோய் ஒட்டுகிறது. பெப்டைடு எந்த லைசினை ஆயுதமாக வைத்திருக்கிறதோ, அதே லைசின். எதிர்மின் குறைந்ததும் இழுவிசை குறைகிறது. சால்மொனெல்லா வேறொரு மூலக்கூறை ஒட்டி அதே காரியத்தை முடித்துக்கொள்கிறது.

பெரிய அளவில் இது நடந்தும் விட்டது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் கொலிஸ்டினும் நேர்மின்னேற்றம் கொண்ட பெப்டைடுதான். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று செய்வது. அதைப் பன்றிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலந்து கொடுத்துவந்த சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா கைமாறிக்கொண்டிருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். சீனா தீவனத்தில் அதன் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. கோழி, கால்நடைப் பண்ணைகளில் கொலிஸ்டின் கூடாது என்று இந்தியாவும் 2019-இல் தடை விதித்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த சாவு 2019-இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கும்போது, கடைசி மருந்தைத் தீவனத்தில் கலந்தது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம்.

தவளை எப்படிப் பிழைக்கிறது?

அப்படியானால் தவளைக்கு மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஆயுதம் எப்படி மழுங்காமல் இருக்கிறது? ஆயுதத்தைப் பார்த்த அளவுக்கு, அதைத் தவளை எடுக்கும் விதத்தை நாம் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தவளை மாகைனினைத் தனியாக அனுப்புவதில்லை. அதன் தோல் சுரப்பில் வேறு பல பெப்டைடுகளும் கலந்து வருகின்றன. அவற்றில் பி.ஜி.எல்.ஏ. என்ற ஒன்று மாகைனினோடு சேர்ந்தால், தனித்தனியே இருந்ததைவிடப் பல மடங்கு வீரியம் உண்டாகிறது. ஒன்றுக்குப் பழகிக்கொள்ளும் பாக்டீரியா அதே நொடியில் இன்னொன்றிடம் மாட்டிக்கொள்கிறது. பழ ஈயிலும் இதே கதை. 2019-இல் புரூனோ லெமெய்த்ரின் குழு பழ ஈயின் 10 பெப்டைடு மரபணுக்களை நீக்கியது. எல்லாம் போன ஈக்கள் பல கிருமிகளுக்கு எளிதில் பலியாயின. ஒவ்வொன்றாக நீக்கினால் பல நேரம் பெரிய பாதிப்பில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றவை நிரப்பிவிட்டன. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவுக்கு மட்டும் ஒரே ஒரு பெப்டைடுதான் எமன் என்பதும் அதில் தெரியவந்தது.

அடுத்தது, தவளை தன் சுரப்பை எப்போதும் ஒழுகவிடுவதில்லை. தோலடிச் சுரப்பிகளில் மூடி வைத்திருக்கும். அடிபட்டாலோ மிரண்டாலோ பால்போல வெள்ளையாகப் பீறிடும். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அடர்த்தியாக. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் கரைந்து மறைந்துவிடும். குறைந்த அளவில் நாள்கணக்காகப் பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்தி அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அங்கே குறைவு. சோதனைக்குழாயில் 600 தலைமுறையாகக் கொடுத்தது இந்த வாய்ப்பைத்தான்.

தேடல் இன்னும் நடக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து கேரளத் தவளை ஒன்றின் சுரப்பில் கண்டெடுத்த பெப்டைடு, சில ஃப்ளூ வைரஸ்களைச் சிதைக்கிறது என்று 2017-இல் அறிவித்தன. களரியில் இடுப்பில் சுற்றி வைத்திருக்கும் வளைகிற வாளான உருமியின் பெயரை வைத்து அதற்கு உருமின் என்று பெயரிட்டார்கள். இடுப்பிலேயே கிடக்கும், வேண்டும்போது மட்டும் உருவப்படும் வாள். வைத்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

நாம் மருந்துச் சீட்டில் எழுதுவது வேறு. ஒரே மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஐந்து நாள்; இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதும் பலர் நிறுத்திவிடுவார்கள், மிச்சம் அலமாரியில் கிடக்கும், அடுத்த முறை யாரையும் கேட்காமல் அதிலிருந்து ஒன்று. ஸாஸ்லாஃபின் கலங்கிய தொட்டியில் நீந்திய தவளைக்கு இந்தச் சீட்டைக் கொடுத்திருந்தால் அதன் தையல் ஆறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.